ஐந்து அடுப்பு, ஒரே தீட்டு

தங்கராஜுவுக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று, மலாக்கா டவுனில் சொந்தப் பெயரில் பலகை மாட்டிய முறுக்குக் கம்பெனி. இன்னொன்று, அந்தக் கம்பெனிக்கு முறுக்குச் சுடும் ஐந்து வீடும் ஒரே குடும்பம் என்பது. முதல் பெருமையைக் கேட்டால்தான் சொல்வான். இரண்டாவதைக் கேட்காமலே சொல்வான்.

"அஞ்சு வீடும் அண்ணன் தம்பிங்க வீடு. சண்டை கெடையாது, பொறாமை கெடையாது. ஒரு வீட்ல மாவு கொறஞ்சா அடுத்த வீட்ல வாங்கிக்குவாங்க. வேன் ஒரே எடத்துல நின்னாப் போதும் லா."

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஒரே தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருந்தன அந்த வீடுகள். ஓய்வுபெற்ற கங்காணி தம்புசாமியின் வீடு, அவருடைய தம்பிமார் வீடு, அந்தத் தம்பிமார் பெற்ற பிள்ளைகள் வீடு. ஐந்து அடுப்புக்கும் தலைவி தம்புசாமியின் மனைவி குஞ்சம்மா. அவள் மாவைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றவர்கள் அச்சைக் கையில் எடுப்பார்கள். வாரத் தொடக்கத்தில் தங்கராஜு மாவும் எண்ணெயும் கொண்டுபோய் இறக்குவான். வாரக் கடைசியில் முறுக்கை ஏற்றி வருவான். டவுன் கடையில் அவன் மனைவி ஜானகி அதை டப்பாவில் அடைத்து லேபிள் ஒட்டுவாள். 'தோட்டத்து வீடுகளில் கையால் பிழிந்தது' என்று லேபிளில் போட்டது அவள்தான்.

அந்த ஜானகி ஒரு முறை அல்ல, பலமுறை சொன்னாள். "ஏங்க, சிம்பாங் அம்பாட்ல எங்க சித்தி வீட்டுப் பக்கம் நல்ல கைக்காரங்க இருக்காங்க. அங்கயும் ரெண்டு அடுப்பு வச்சிக்குவோம்."

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்திப் பாக்கணும்?" என்றான் தங்கராஜு. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டவனும் உண்டு, கேட்காமல் கெட்டவனும் உண்டு. நம்ம ஆள் இரண்டாவது ரகம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷத் தீபாவளிக்குத்தான் அந்தப் பெரிய வாய்ப்பு வந்தது. டவுனில் புதிதாகத் திறந்த ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கொள்முதல் பார்த்த மிஸ்டர் டான், முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கடை அலமாரியில் ஒரு முழுத் தட்டு வரிசையையே ஒதுக்கிக் கொடுத்தார். பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரமும் சரக்குத் தட்டாமல் வந்தால், அடுத்த வருஷம் மற்ற ஊர்களில் இருக்கும் கிளைகளுக்கும் எடுத்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தார். தங்கராஜு அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது காரணமே இல்லாமல் வேனின் ஹார்னை அடித்துக்கொண்டு வந்தான்.

சரக்கு இறக்கவேண்டிய வாரம் பிறந்தது. திங்கட்கிழமை காலை, பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்த தம்புசாமி பிறகு எழுந்திருக்கவில்லை.

தங்கராஜு அலறி அடித்துக்கொண்டு ஓடினான். பொய் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. வேன் வந்து நின்றால் முதலில் வெளியே வந்து, "வா தங்கராஜு, தண்ணி குடிச்சிட்டு எறக்கு," என்று சொல்கிற மனுஷன் அவர். "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே பாடைக்குத் தோள் கொடுத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, வேனை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் அது அவன் மண்டையில் இறங்கியது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டான்.

ஐந்து வீடும் பங்காளிகள். ஒரே குடும்பம் என்றால் ஒரே தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை அப்படியே திரும்பி வந்து அவன் கன்னத்தில் அறைந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கருமாதிக்கும் தீபாவளிக்கும் நடுவில் இருந்தது ஐந்தே நாள்.

கெட்ட நேரத்தில் வழி காட்டுவதற்கென்றே சில பேர் இருப்பார்கள். கிள்ளானில் மெஷின் முறுக்கு ஆலை வைத்திருந்த ஒருவர் சாம்பிள் அனுப்பியிருந்தார். எல்லா முறுக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். எத்தனை டப்பா வேண்டுமானாலும் லாரியில் வந்து இறங்கும், உங்கள் லேபிளை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார் போனில். ஒரே ஒரு நிபந்தனை. தீபாவளிக்கு மட்டும் என்றால் அவருக்குக் கட்டாது, வருஷம் பூராவும் அவரிடமே எடுக்கவேண்டும்.

ஜானகி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா லேபிள்ல கையால பிழிஞ்சதுன்னு போட்டிருக்கே. அதக் கிழிச்சிட்டு ஒட்டுவீங்களா, கிழிக்காமயா?"

"இந்த நேரத்துல லேபிளா முக்கியம்? தட்டு காலியா கெடந்தா நாளைக்கு டான் நம்மள உள்ளயே விடமாட்டாரு."

"படையல்ல வைக்கிறதுக்கு வாங்குறாங்க, ஏங்க. செத்துப்போன அப்பா அம்மாவுக்கு வைக்கிறது. நம்ம பொய்ய அங்க கொண்டுபோயி வைப்பாங்களா?"

"யாருக்குத் தெரியும்?" என்று கத்தினான் தங்கராஜு.

ஜானகி எழுந்துபோய்க் காலி டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அவன் கிள்ளானுக்குப் போன் போட்டு, ஒரு லாரிச் சரக்கை எடுத்து வைக்கச் சொன்னான். முடிவாக ஒரு வார்த்தை சீக்கிரம் சொல்வதாகவும் சொன்னான்.

ஆனாலும் தங்கராஜு முதுகுக்குப் பின்னால் காரியம் செய்கிற ஆள் இல்லை. குஞ்சம்மாவிடம் நேரில் சொல்லிவிடுவோம் என்று, சாவு வீட்டுக்குக் கொடுக்கிற அரிசியும் காய்கறியும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே தோட்டத்துக்குப் போனான். வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போனான். 'அக்கா, தப்பா நினைக்காதீங்க' என்பதற்கு மேல் ஒன்றும் கோக்க வரவில்லை.

குஞ்சம்மா ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து பின்பக்கம் வரச்சொல்லி ஜாடை காட்டினாள். விறகுக் கொட்டகைப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, நானே ஆள் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். நீங்க மாவக் கொண்டாந்து எறக்கிடுங்க. இந்தக் கொட்டாய்க்குள்ள சட்டிய வச்சிக்கிறோம். கதவச் சாத்திக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

தன் வாயிலிருந்து வந்த அதே சொல். தங்கராஜுவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்னக்கா பேசுறீங்க? அண்ணன் போயி ஒரு வாரம் ஆகல."

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சாமி கேட்டா அதுக்கும் சொல்லிக்கிறேன்." அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன. "தோட்டத்த விக்கப் போறாங்களாம் தம்பி. வீடு கட்டுற கம்பெனிக்காரன் வந்து அளந்துட்டுப் போயிட்டான். பால் வெட்டுற ரப்பர் மரம் போனா இந்தப் பொண்ணுங்களுக்கு முறுக்கு ஒண்ணுதான் மிச்சம். அடுப்பு இத்தினி நாளு அணைஞ்சு கெடந்தா, நீங்க வேற எடம் பாத்துடுவீங்கன்னு பயப்படுதுங்க. நானும் பயப்படுறேன். உள்ளதச் சொல்றேனே."

புருஷனை எரித்த சாம்பல் ஆறுவதற்குள் ஒரு பெண் தன் வழக்கத்தையே உடைத்துக் கொடுக்க வருகிறாள். எதற்கு? தங்கராஜுவின் கம்பெனி மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லாததால். அந்த நினைப்பு வந்ததும் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பயந்தது சரிதான் என்பதும் அவனுக்குத் தெரியும். கிள்ளானில் லாரிச் சரக்கு காத்திருந்தது.

"சட்டி வேணாம்க்கா," என்றான். "பதினாறு முடியட்டும். அது வரைக்கும் அஞ்சு வீட்டுக்கும் வாரக் கூலி வந்துடும். நான் கொண்டாந்து தாரேன்."

கிள்ளான் பேச்சை அவன் எடுக்கவில்லை. எடுத்திருக்கவேண்டும், ஆனால் எடுக்கவில்லை.

மறுநாள் மிஸ்டர் டான் முன்னால் போய் நின்று, உள்ளதை உள்ளபடி மலாயில் சொன்னான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனான். டான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தன் அப்பா இறந்த வருஷம் சீனப் பெருநாளுக்கு அம்மா வீட்டில் குவே பாக்குல் என்ற இனிப்புப் பலகாரத்தை அவிக்கவில்லை என்றும், பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் சாப்பிட்டோம் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வியாபாரத்தை மறந்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டான் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டதும் வேறு மனுஷன்.

காலித் தட்டைத் தன் மேலதிகாரிக்குக் காட்ட முடியாது என்றார். பாதியை பிஸ்கட்காரனுக்குக் கொடுத்துவிடுவார். மீதிப் பாதி கடைசி ஐந்து நாளைக்கு. அதற்கும் சரக்கு வராவிட்டால் கிளைகளைப் பற்றி அப்புறம் பேச்சே வேண்டாம். வாசல்வரை வந்து தோளில் தட்டி, "ஐந்து அடுப்பு என்று என்னிடம் பெருமை பேசினாய். உன்னிடம் இருப்பது ஒரே அடுப்புதான், தங்கராஜு," என்றார்.

ஜானகி சொன்னதையே ஒரு சீனர் சொன்னதும் இவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே. அத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அவனும் சிரித்தான். ஆனால் கிள்ளானை இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் அவளிடம் மறைத்தான். கைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பதினாறாம் நாள் வந்தது. காலையில் கருமாதி முடிந்து, வீடு கழுவி, சாம்பிராணி போட்டார்கள். தங்கராஜு ஜானகியைக் கூட்டிக்கொண்டு மாவு, எண்ணெய், டப்பா என்று வேன் கொள்ளாமல் ஏற்றி வந்து நின்றான். பண்டிகை அந்த வீட்டுக்கு இந்த வருஷம் இல்லை. ஆனால் வேலைக்குத் தடையில்லை, தீட்டுக் கழிந்துவிட்டது.

நேரம் போனது. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஐந்து வீட்டுப் பெண்களும் குளித்த தலையோடு குஞ்சம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜு வேனுக்கும் வாசலுக்குமாக நடந்தான். கடைசியில் பொறுக்கமுடியாமல், குஞ்சம்மாவின் மூத்த மருமகள் கலைமகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்.

"என்னம்மா, இன்னும் ஏதும் சடங்கு பாக்கி இருக்கா?"

கலைமகள் தயங்கினாள். "சட்டி வைக்க ஆளில்லண்ணே. தாலியறுத்த பொம்பளைக்குப் பொறந்த வீட்லேருந்து அண்ணன் தம்பி வந்து, மொத எண்ணெய்ச் சட்டிய அடுப்புல தூக்கி வைக்கணும். அதான் எங்க வழக்கம். அத்தைக்கு ஒரே தம்பி. அறுபத்தொம்போதுல இங்க நடந்த கலவரத்துக்கு அப்புறம் வேலை பெர்மிட் கெடைக்காம இந்தியாவுக்குப் போனவருதான். அப்புறம் பேச்சுமூச்சு இல்ல. மூத்த வீட்ல சட்டி ஏறாம நாங்க எப்பிடி வைக்கிறது?"

தங்கராஜு மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐந்து நாளில் அரை நாள் போயே போய்விட்டது. கிள்ளானுக்கு இன்றைக்குள் சொன்னால் நாளைக்குச் சரக்கு வந்துவிடும். கை தன்னால் சட்டைப்பையில் போனுக்குப் போடச் சில்லறையைத் தேடியது.

அப்போது குஞ்சம்மா உள்ளேயிருந்து வந்தாள். கழுவித் துடைத்த இரும்புச் சட்டி அவள் கையில் இருந்தது. அதை அவன் காலடிக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"தம்பி, நீங்க வைங்க."

"நானா? நான் ஒங்க சனங்கூட இல்லியேக்கா."

"என் சனம் கப்பலேறிப் போயிருச்சு. இத்தன வருசமா இந்த வாசல்ல மாவும் எண்ணெயும் கொண்டாந்து எறக்குன ஆம்பள நீங்கதான். சாவுக்கும் தோள் குடுத்தீங்க. வேலையில்லாத நாளுக்கும் கூலி குடுத்தீங்க." அவள் சட்டியைக் காட்டினாள். "ஆனா ஒண்ணு. இது இந்த அஞ்சு நாளைக்கு வைக்கிற சட்டி இல்ல. வச்சிட்டா நீங்க எனக்குப் பொறந்த வீடு. அப்புறம் வேற எடத்துல சல்லிசாக் கெடைக்குதுன்னு என்ன உட்டுட்டுப் போக முடியாது. நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடித்துணி நீங்கதான் கொண்டாந்து போடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் நிஜமாகவே கோபமில்லாமல் சொன்னாள். முடியாது என்று அவன் சொன்னால் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைத்தான் தங்கராஜுவால் தாங்க முடியவில்லை. ஒரு மனத்தோடு தொடவேண்டிய சட்டி அது. கிள்ளானில் லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு இதைத் தொட்டால், அது லேபிளில் எழுதும் பொய்யைவிடப் பெரிய பொய்.

"இருங்கக்கா, வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜானகிக்கு முகம் செத்துவிட்டது. ஆள் நழுவுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தோட்டத்து மளிகைக்கடையில் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. அவன் கிள்ளானுக்கு அடித்தான். அந்த மனுஷர் கத்திய கத்தல் கடைக்காரர் காதுக்கே கேட்டது. தங்கராஜு எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, வேண்டாம்," என்றான். போனை வைத்துவிட்டு வந்த வழியே நடந்தான்.

திரும்பி வந்தவனை ஜானகி வழி மறித்தாள். "எங்க போனீங்க?"

"கிள்ளானுக்கு," என்றான். "போயிட்டு வந்துட்டேன். இனிமே போமாட்டேன்."

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. திட்டுவதற்கு நிறைய இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் மொண்டு அவன் காலில் ஊற்றினாள்.

அந்தத் தீபாவளிக்கு மிஸ்டர் டான் விட்டுவைத்த பாதித் தட்டையும் அவர்களால் முழுசாக நிரப்ப முடியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளைகள் பேச்சு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த வருஷம் தங்கராஜு வேனுக்குப் புது டயர்கூட மாற்றவில்லை. ஆனால் அடுத்த தீபாவளிக்குள் சிம்பாங் அம்பாட்டில் ஜானகியின் சித்தி வீட்டுப் பக்கமும், தங்கா பத்துவில் வேறொரு குடும்பத்திலும் அடுப்பு எரிந்தது. இரண்டு இடத்துக்கும் குஞ்சம்மாவே வேனில் போய் மாவு பதம் காட்டிவிட்டு வந்தாள். எந்த வீட்டில் கேதம் விழுந்தாலும் அந்த வீட்டுக்குக் கூலி நிற்காது, தட்டுக்குச் சரக்கும் நிற்காது என்று ஏற்பாடானது. அதற்குப் பிறகுதான் டான் மற்றக் கிளைகளையும் இவர்கள் முறுக்குக்குத் திறந்துவிட்டார். கெட்டிக்காரத்தனமா, நல்ல மனமா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தங்கராஜு சட்டியை இரண்டு கையாலும் தூக்கினான். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குஞ்சம்மா வீட்டு அடுப்பில் வைத்தான். எண்ணெயை ஊற்றினான். கலைமகள் தீயை மூட்டினாள். மற்ற வீட்டுப் பெண்கள் அச்சை எடுக்க எழுந்தார்கள்.

குஞ்சம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். பெண்கள் பிறந்த வீட்டு ஆளைக் கண்டால்தான் துக்கத்தை முழுசாக இறக்கி வைப்பார்கள். பதினாறு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் பாய் விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், மெதுவாக அவன் பக்கத்தில் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டேய் தம்பி," என்று வாய்விட்டு அழுதாள். "ஒங்க மாமா என்ன உட்டுட்டுப் போயிட்டாருடா."

அத்தனை வருஷமும் அண்ணே என்று கூப்பிட்ட மனுஷனுக்காக, "மாமா, மாமா" என்று தங்கராஜுவும் அவளோடு சேர்ந்து அழுதான்.

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. மாவும் அச்சுமாகப் பெண்கள் காத்து நின்றார்கள். ஜானகி குனிந்து, அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

"முறுக்கு கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள். "அக்கா அழுது முடிக்கட்டும்."